பதினெட்டில் நாலு

பதினெட்டுத் தாள், பதினெட்டுப் படம். அந்தக் குட்டி போட்டோ பிரிண்டரின் கணக்கு அவ்வளவுதான். தாள் கட்டோடு, மை பூசிய ரிப்பன் சுருள் அடைத்த ஒரு டப்பா வரும். இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகத் தீரும். அவள் போட்டது பதினாலு. பிரிண்டரோ எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி எண்ணிப் பார்த்தாள். தங்கை குழந்தையின் படங்கள் எட்டு, அம்மாவும் அப்பாவும் இருப்பது நாலு, மாடித் தொட்டிப் பூக்கள் இரண்டு. பதினாலேதான். தாள் தட்டைத் திறந்தால் அதுவும் துடைத்து வைத்தது போலக் காலி. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே கூடம் மங்கலாகக் கிடக்க, காலையில் ஊருக்குப் போன கணவனின் முகச்சவர லோஷன் வாசனை மட்டும் இன்னும் வீட்டைவிட்டுப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே சாமான் அறையில் ஏதோ லேசாக நகர்ந்தது. எலி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாகப் படம் திருத்துகிறவள். ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்துச் சம்பளம் வாங்குகிறவள். பிரிண்டர் வாங்கலாம் என்று அவன் ஆரம்பித்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“நாள் பூரா அங்க பிரிண்டரோட மாரடிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதுகூடவேவா?”

“அப்ப எழுதிப் பாரு சோடா. நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம்.”

சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவளுக்கு அவன் வைத்த செல்லப்பெயர் அது. அவளும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நினைத்த நேரத்தில் படம் கையில், தண்ணீர் பட்டாலும் அழியாது, இது நல்லது. செலவு அதிகம், ஒரே அளவு, ஒரு படத்துக்குத் தாள் நாலு தரம் உள்ளே போய் வெளியே வரவேண்டும்; அதோடு, வீட்டு வைஃபையில் இருக்கும் போனிலிருந்துதான் படம் அனுப்ப முடியும், வாசலைத் தாண்டினால் முடியாது. இதெல்லாம் கெட்டது. அவன் பேனாவைப் பிடுங்கி, அந்தக் கடைசி வரியை நல்லது பக்கத்துக்கு இழுத்து ஒரு அம்புக்குறி போட்டான். கீழே கொட்டை எழுத்தில், ‘நம்ம படத்தை வேற யாரும் பார்க்க மாட்டாங்க’ என்று எழுதினான்.

அந்த வரியில்தான் அவள் விழுந்தாள். யார் யாருடைய அந்தரங்கமோ தினமும் தன் கண்ணில் பட்டுப் போவது அவளுக்குத் தெரியும். தன்னை அப்படி யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இந்த மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனாள்.

இப்போதும் அந்தத் தாள் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. பழைய ரிப்பனை எடுத்து வைத்துவிட்டு, புது ரிப்பனும் புதுத் தாளும் போட்டுவிட்டு, அவனுக்கு போன் செய்தாள்.

“ஏங்க, ஊர் போய்ச் சேர்ந்துட்டீங்களா?”

“இன்னும் ட்ரெயின்லதான் இருக்கேன். கை வலி எப்படி இருக்கு?”

“பரவாயில்ல. நீங்க ஏதாவது பிரிண்ட் போட்டீங்களா? நாலு படம் குறையுது.”

“நானா? எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதே. மெஷின் தப்பா எண்ணியிருக்கும், விடு.”

“எண்ணுறதுல என்ன இருக்கு, ரிப்பனைப் பிரிச்சாலே தெரிஞ்சிடும். போட்ட படமெல்லாம் அதுல அப்படியே இருக்கும். அதனாலதான் ஸ்டுடியோவுல பழைய ரிப்பனை நறுக்காம வெளிய விடமாட்டோம்.”

அந்தப் பக்கம் ரயில் ஓடும் சத்தம் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்படியா?” என்றான். “எனக்கு இது தெரியாதே.”

போன் துண்டிக்கப்பட்டது.

மணிக்கட்டுக் கட்டோடு, ஒரு கையால்தான் டப்பாவைப் பிரிக்க முடிந்தது. சுருள் வழுவழுவென்று மடியில் சரிந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கட்டம் கட்டமாக, ஒவ்வொரு நிறத்திலும் ஒரே படம், பழைய பிலிம் நெகட்டிவ் போலத் தலைகீழ் வெளிச்சத்தில் தெரிந்தது. குழந்தையின் கறுத்த பல். அம்மாவின் கறுத்த நரை. இதையெல்லாம் படிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாவது படம் அவள் போட்டதல்ல.

அவளுடைய முகம். கண்ணாடி இல்லாமல் எடுத்த ஒரே படம். கல்யாணமான புதிதில் அவள் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவிட்டு, “என்னப் பாரு, என்னப் பாரு” என்று அவன் எடுத்தது. எதிரே இருப்பது அவனா சுவரா என்றுகூடத் தெரியாமல், குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்திருந்தாள். அதை எடுத்து வைத்திருக்கிறானே என்று ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்பதாவதும் அதே படம். இந்தத் தடவை முகத்தைச் சுற்றி ஒரு பட்டை. ரிப்பனில் வெளுத்திருந்தால் தாளில் கறுப்பு. கறுப்புச் சட்டம். இந்த மாதிரிச் சட்டம் அவளே ஸ்டுடியோவில் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். கீழே இரண்டு தேதிகள். முதலாவது அவள் பிறந்த தேதி.

இரண்டாவது, அடுப்புத் திருகு திறந்து கிடந்து வீடு முழுக்க கேஸ் நிறைந்த நாள். விடியற்காலையில் அவன் நடக்கப் போயிருந்தான். எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டியிராவிட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

பன்னிரண்டாவது. அதே சிரிப்பு, அதே சட்டம். தேதி, மாடிப்படியில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த நாள்.

பதினாறாவது. போன வாரம். ஹீட்டரில் கரண்ட் அடித்த நாள். அன்று காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

நடந்ததற்குப் பிறகு ஏதோ கிறுக்குத்தனமாகப் போட்டிருப்பான் என்று நினைக்கப் பார்த்தாள். நினைக்க விடவில்லை ரிப்பன். அது வரிசை தவறாது. பன்னிரண்டாவதற்கு அடுத்தது தொட்டிப் பூ. அந்தத் தொட்டியை அவள் இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நகர்த்திப் படம் பிடித்து, அன்றே பிரிண்ட் போட்டாள். மறுநாள்தான் விழுந்தாள்.

அடிபட்ட கைக்குப் பதிலாக அவன்தான் அவளுக்குத் தலை வாரினான். ஊட்டிவிட்டான். “கண்ணாடி போட்டும் கண்ணு தெரியலையா சோடா?” என்று சிரித்தான், அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. விழுந்ததைவிட, அந்தச் சிரிப்பு வலித்தது. பாவி, இந்தக் கையைத்தானே பிடித்துக்கொண்டு தூங்கினாய் என்று வாய்விட்டு அழுதாள்.

அழுகை பாதியில் நின்றது.

மேஜைமேல் பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் போன் மடியில் அணைந்து கிடந்தது.

தாள் உள்ளே போனது. வெளியே வந்தது. மஞ்சள். வெறும் மஞ்சள் கறை.

வாசலைத் தாண்டினால் அனுப்ப முடியாது. அவளே எழுதிய வரி. அவன் போட்ட அம்புக்குறி.

இரண்டாம் தரம். மஞ்சளில் சிவப்பு ஏறியது. உதடு. கன்னம்.

காலையில் அவன் போனதை அவள் பார்க்கவில்லை. “நீ படுத்திரு, கதவை நானே சாத்திட்டுப் போறேன்” என்றான். கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. மேலே நகர்ந்தது எலி இல்லை.

எழுந்திருக்க வேண்டும். ஒரு கையால் மடியிலிருந்த சுருளைத் தள்ளத் தள்ள, அது காலைச் சுற்றியது.

மூன்றாம் தரம். நீலம் விழுந்ததும் படம் முழுதாகிவிட்டது. கறுப்புச் சட்டம். கண்ணாடி இல்லாத சிரிப்பு. பிறந்த தேதி. இன்றைய தேதி.

மாடிப்படியில் மூன்றாவது படி முனகியது. அப்புறம் இரண்டாவது.

லோஷன் வாசனை நெருங்கி வந்தது.

நாலாம் தரம் தாள் உள்ளே போனது. அது நிறத்துக்காக அல்ல. தண்ணீர் பட்டாலும், விரல் பட்டாலும் அழியாதிருக்க மேலே பூசும் பளபளப்புக்காக. நிதானமாகப் பூசி முடித்து, சூடாக அவள் கையருகே தள்ளியது. குனிந்து பார்த்தாள். அந்தப் பளபளப்பில், யார் என்று தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்த அவள் முகத்தின்மேல், அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொரு முகம் மெல்லப் படிந்தது.

“என்னப் பாரு, சோடா” என்றபடி, பின்னாலிருந்து ஒரு கை அவள் கண்ணாடியைக் கழற்றியது.