ஐந்தாவது துளை

காக்காப்பொன் என்று எழுதியிருக்கவே வேண்டாம். வெறும் மணல் என்று விட்டிருந்தால் இன்று அடையாளம் தெரிந்திருக்காது. ஒப்புதல் கைரேகையை வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எஸ்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரசவ மருத்துவமனை வரப்போகும் மனையில் நிலச்செவி என்ற இயந்திரம் காலையில்தான் தன் இரும்புப் பாதத்தால் நான்கு தட்டு தட்டி, மண்ணுக்குள்ளிருந்து திரும்பிய ஒலியைக் கேட்டுச் சொல்லியிருந்தது: 'ஒன்பதாவது மீட்டரில் கெட்டி மணல். காக்காப்பொன் கலந்தது.' ஆறு மாடியைத் தாங்கும் தூண்கள் அந்த மணலில்தான் ஊன்றி நிற்கும்.

நிலச்செவி வந்தபிறகு நகரத்தில் யாரும் மண்ணைத் துளைப்பதில்லை. பழைய துளைகள் இருந்த இடங்களில் அதைத் தட்ட வைத்து, இந்த ஒலி என்றால் இந்த மண் என்று பதிவேடுகளைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். எஸ்தரின் பதிவேடும் அவற்றில் ஒன்று; காக்காப்பொன் என்ற சொல் அதில் மட்டும்தான் இருந்தது.

அதை எழுதியபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. மூன்று நாள் அடைமழை. துளையிடும் முக்காலி சேற்றில் புதைந்து, ஐந்தாவது இடத்துக்கு நகர மறுத்தது. "நாலாவதுல இருந்த மண்ணு இருவது அடி தள்ளி மாறிடவா போவுது? எழுதிக்கம்மா, மூட்டைய கட்டுவோம்" என்றார் துளைபோடும் ஏகாம்பரம். அவளுக்கும் காய்ச்சல். இரும்புக் குண்டை எத்தனை முறை போட்டால் குழாய் ஓரடி இறங்குகிறது என்ற எண்களை நான்காவதிலிருந்தே எடுத்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து எழுதினாள். காப்பியடித்தது தெரியக் கூடாதே. ஓரமாகக் கொட்டியிருந்த கட்டட மணல் மினுங்கியது. காக்காப்பொன்னையும் சேர்த்தாள். அங்கே கட்டியது ஒரு காவலர் அறை மட்டும். ஒன்றும் ஆகவில்லை. மறந்தும் போனாள்.

நிலச்செவி காக்காப்பொன் மணல் என்று பழகிய அந்த ஐந்தாவது இடத்தின் ஒலி உண்மையில் எந்த மண்ணுடையது? யாருக்கும் தெரியாது. இளகிய களிமண்ணாகவும் இருக்கலாம்.

"மேடம், கட்டைவிரல வச்சா முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை பூஜை" என்றான் உடன் வேலை செய்யும் பொறியாளன் ஜாபர். "ஒரு சம்பிரதாயம். அதுக்குப் போயி பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க."

"ஒரு துளை போட்டுப் பாக்கணும், ஜாபர்."

"எத வச்சு? அந்த மிஷினெல்லாம் பழைய இரும்புக்குப் போயி பத்து வருஷம் ஆச்சு!"

அவள் சொன்னாள், மழையிலிருந்து தொடங்கி. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எங்க ஃப்ளாட்டுக்குக் கீழயும் காக்காப்பொன் மணல்னுதான் நிலச்செவி சொல்லிச்சு மேடம். மூணாவது மாடி."

எஸ்தரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இத்தன நாளா நிக்குதே. நின்னா நல்ல மண்ணுதான?" குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொன்னா ஊரே தெருவுக்கு வந்துடும். நீங்க சொல்லல, நான் கேக்கல. வச்சிடுங்க மேடம்."

ஏகாம்பரமும் இப்படித்தான், பரிவாகத்தான் சொன்னார்.

எஸ்தர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா" என்றாள்.