பேர் சொல்லி அரைத்த மிளகாய்

"இதைத் திறந்து குடுங்க. உள்ளே இருக்கறதை எடுத்துக் காயிதத்துல போட்டுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேனுங்க."

மஞ்சள் பையிலிருந்து எடுத்த பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, புவனா உட்காராமல் நின்றாள். வெள்ளகோவிலிலிருந்து பஸ் மாறிக் கோயமுத்தூர் வந்து, காந்திபுரத்தில் நாலு பேரிடம் வழி கேட்டு, துப்பறியும் நரசிம்மலுவின் மாடி அலுவலகத்தைப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் பை மடியிலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் 'அதுல என்ன கண்ணு?' என்று கேட்டதற்கு 'ஒருத்தன் உசுரு' என்று சொல்லி அவளை வேறு ஸீட்டுக்கு ஓடவைத்தவள் புவனா.

நரசிம்மலு அவசரப்படுகிற ஆள் இல்லை. தீப்பிடித்த மில்களில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாம்பலைக் கிளறிய காலத்திலேயே அந்த நிதானம் வந்துவிட்டது.

"உக்காருங்க அம்மணி. அந்த மத்தது என்னன்னு சொல்லுங்க. அப்புறம் திறக்கலாம்."

"கிருபாசங்கர்னு ஒரு மேனேஜர். என்ற ஊட்டுக்காரரைக் கொன்னுபோட்டான். அவன் குடும்பம் தெருவுல நிக்கோணும். அதை நான் கண்ணால பாக்கோணும்."

அவள் அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ வற்றி, அடியில் வஞ்சம் மட்டும் தங்கியிருந்தது.

அவள் கணவன் சரவணன், திருமலைசாமியின் கொப்பரை எண்ணெய் மில்லில் வேலை பார்த்தவன். ஆயுத பூஜையன்று காலையில் மெஷின், மோட்டார், சுவிட்ச் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தான். பிறகு கொப்பரையை இழுத்துப் போகும் கன்வேயர் பள்ளத்தைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிடலாம் என்று உள்ளே இறங்கினான். மற்றவர்கள் பூசணிக்காய், பொரி, படையல் என்று முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போது யாரோ கன்வேயரை ஓட்டிவிட்டார்கள். ஒரே சுற்றுதான். அது போதுமானதாக இருந்தது.

"மோட்டாரை ஓட்டறது இந்த டேப்லெட்டுலதானுங்க. அவங்கவங்க நம்பரைப் போட்டாத்தான் ஓடும். யார் ஓட்டினதுன்னு இதுக்குள்ள பதிஞ்சுக்கும். ஆனா பழசு, கோளாறாகித் தானா ஓடிருச்சுன்னு முதலாளி சொன்னாரு. விபத்துன்னு எழுதியாச்சு. ஆஃப் பண்ணி முதலாளி ரூம் ஷெல்ஃபுல போட்டிருந்ததை என்ற தம்பி சபரீஷ் வாங்கியாந்தான். அதே மில்லுல எலக்ட்ரீசியனுங்க. என் முன்னாடிதான் ஆன் பண்ணிக் காட்டினான். கிருபாசங்கர் நம்பர் இருந்துது."

"பார்த்தாச்சே. இங்கே எதுக்கு வந்தீங்க?"

"திரையில பாத்ததை கோளாறுன்னு தள்ளிருவாங்க, உள்ளே யாரும் மாத்த முடியாத பதிவு இருக்கும், அதை எடுத்தாத்தான் நிக்கும்னு வக்கீல் சொன்னாரு. தம்பி வேண்டாம்னான், டேப்லெட் கெட்டுப்போயிருமாம். அவன் வேலைக்குப் போன நேரம் பாத்துத் தூக்கிட்டு வந்துட்டேன்."

பக்கத்து மேஜையிலிருந்து நரசிம்மலுவின் உதவியாளர் பிரத்யுஷா நாற்காலியோடு உருண்டு வந்தாள். பூட்டிய கருவி எதைக் கண்டாலும் அவளுக்குக் கை பரபரக்கும்.

"ரூட் பண்ணினா எடுத்துடலாங்க்கா. டேப்லெட் விக்கறவங்க நமக்கு வாசல் சாவிதான் குடுப்பாங்க. உள்ளறைச் சாவியை அவங்களே வெச்சுக்குவாங்க. அந்த உள்ளறைச் சாவியை எடுக்கறதுதான் ரூட். இதுமாதிரி பழைய மாடல்னா, பவர் பட்டனையும் வால்யூமைக் குறைக்கிற முனையையும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சா வேற ஒரு திரை வரும். அது வழியாத்தான் உள்ளே போகணும்."

அவள் கை நீண்டது. நரசிம்மலு டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பட்டன் எதையும் தொடாதே. கேபிள் போட்டு மட்டும் பாரு." அவர் புவனாவிடம் திரும்பினார். "கிருபாசங்கர்தான்னு டேப்லெட் வர்றதுக்கு முன்னாடியே நினைச்சீங்களா?"

"பள்ளத்துக்கு மூடி போடோணும்னு இவர் கேட்டதுக்கு, எல்லார் முன்னாடியும் கன்னத்துல அறைஞ்சவனுங்க அவன். சந்தேகம் இருந்துது. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட ஆனைமலைக்குப் போனேன். மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைச்சேன்."

வருஷம் திரும்பாமல் கோயில் படி மிதிக்கக் கூடாது என்று ஊரே சொல்லியிருந்தது. அவள் கேட்கவில்லை. வஞ்சிக்கப்பட்டவர்கள் வற்றல் மிளகாயை அரைத்து அங்கே கல்லில் பூசினால், வஞ்சித்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

"'என்ற புருஷனைக் கொன்னவன் எவனோ அவன் எரியோணும்'னுதான் அரைக்க ஆரம்பிச்சேன். தம்பிதான் கையைப் பிடிச்சு, அப்புடிச் சொல்லாதக்கா, கிருபாசங்கர்னு பேரைச் சொல்லி அரைன்னான். பேரைச் சொன்னேன்."

"தம்பியும் அரைச்சாரா?"

"இல்லீங்க. கை எரியும்னு அம்மிகிட்டயே வரலை."

"அதுக்கப்புறம்தான் டேப்லெட் வந்தது?"

"ஆமாங்க. நம்பரைப் பாத்த அன்னைக்கே, கிருபாசங்கர் பொண்ணு அக்ஷயாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனேன். கொலைகாரன் ஊட்டுல பொண்ணு எடுக்கறீங்களான்னு வாசல்ல நின்னு கேட்டேன். கல்யாணம் நின்னுபோச்சு." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

நரசிம்மலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டின் விளிம்பைப் பார்த்தார். "இங்கே குங்குமம் ஒட்டியிருக்குதே?"

புவனா தன் போனைத் திறந்து காட்டினாள். அன்று காலை சரவணன் அனுப்பிய படம். சுவர் ஸ்டாண்டில் டேப்லெட். விளிம்பில் பவர் பட்டன்மேல் ஒரு பொட்டு. நீளமான வால்யூம் பட்டனின் இரண்டு முனையிலும் இரண்டு பொட்டு. 'சுவிட்ச் எல்லாத்துக்கும் வெச்சாச்சு அம்மணி' என்று கீழே எழுதியிருந்தான். அவன் கடைசியாக அனுப்பியது அதுதான்.

நரசிம்மலு படத்தையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிரத்யுஷா கம்ப்யூட்டரிலிருந்து கத்தினாள்.

"சார், கதவைத் தட்டப்போனா கதவு திறந்தே கிடக்குது! ஏற்கெனவே யாரோ ரூட் பண்ணியிருக்காங்க. மேல தெரியாம மறைச்சிருக்காங்க, ஆனா வேர் உள்ளேயே இருக்குது. இப்படி இருந்தா பதிவுல யார் நம்பரை வேணும்னாலும் மாத்தி எழுதலாம். பழைய எழுத்தை மீட்கவும் முடியலை."

"எப்போ பண்ணினது?"

"சொல்ல முடியாது. பேட்டரி தீர்ந்தா இதோட கடிகாரம் ஆதி காலத்துக்குப் போயிருது. தேதியை நம்பவே முடியாது. சத்தமும் வரலை சார், ஸ்பீக்கர் எப்பவோ எரிஞ்சிருக்கு."

புவனாவுக்குப் பேர் சொல்லி அரைத்த மிளகாயும், வாசலில் நின்று கேட்ட கேள்வியும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

"நாளைக்கு மில்லுக்கு வாரேன்" என்றார் நரசிம்மலு. "திருமலைசாமியை எனக்குப் பழக்கம். எல்லாரும் இருக்கட்டும்."

மறுநாள் மில் அலுவலக அறையில் நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலாளி திருமலைசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிருபாசங்கர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புவனா உள்ளே வந்தபோது அவர் ஒருமுறை திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. பத்து வயது கூடியவர்போல இருந்தார். சபரீஷ் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் காவலுக்கு நின்றான்.

"எதுக்கக்கா இவங்ககிட்டப் போனே?" என்று குனிந்து கேட்டான். அவள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட வந்திருந்த பிரத்யுஷா பக்கத்தில் நிற்க, நரசிம்மலு டேப்லெட்டை மேஜையில் வைத்து, அது ரூட் செய்யப்பட்டிருப்பதைச் சொன்னார். சபரீஷ் உடனே முந்திக்கொண்டான்.

"இது பழசாத்தானுங்க வாங்கினது. முன்னாடி வெச்சிருந்தவன் பண்ணியிருப்பான்."

"நல்ல சந்தேகம் தம்பி. அதுக்குப் பதில் உங்க மாமாவே எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு." அவர் சரவணன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி எல்லோரிடமும் காட்டினார். "அன்னைக்குக் காலையில மூணு பொட்டும் முழுசா இருக்குது. இப்ப பாருங்க. பவர் பட்டன்ல பொட்டு கலைஞ்சிருக்கு. அது சரி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்காங்க. வால்யூமைக் கூட்டற முனையில பொட்டு அப்படியே காய்ஞ்சு நிக்குது. குறைக்கற முனையில மட்டும் இல்லை. குங்குமம் பட்டன் இடுக்குக்குள்ள அழுந்தி இறங்கியிருக்கு. அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. ஸ்பீக்கர் எரிஞ்ச டேப்லெட்டுல சத்தத்தைக் குறைக்க யாருக்கு என்ன அவசரம்?"

பிரத்யுஷாவால் அடக்க முடியவில்லை. "ரூட் பண்ணத்தான் சார்! அப்படின்னா பொட்டு வெச்சதுக்கு அப்புறம்!"

"ஆமா. சரவணன் செத்ததுக்கு அப்புறம் ஒருத்தர் இதை ரூட் பண்ணி, தன் நம்பரை எடுத்துட்டுக் கிருபாசங்கர் நம்பரை எழுதியிருக்காரு. யாரு? கிருபாசங்கர் தன் கழுத்துக்குத் தானே கயிறு மாட்டமாட்டாரு. முதலாளி மாத்தறதா இருந்தா, மில் மேல பழி வராம செத்தவர் நம்பரையே போட்டிருப்பாரு. மேனேஜர் நம்பரைப் போட்டா மில்லுக்குத்தானே தலைவலி? மிச்சம் யாரு? டேப்லெட் யார் கைக்குப் போச்சு?"

கிருபாசங்கர் சுவரிலிருந்து திரும்பிச் சபரீஷைப் பார்த்தார். புவனா திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த தம்பியின் கை விலகியது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"இது மட்டும்னா நானும் தயங்கியிருப்பேன்" என்றார் நரசிம்மலு. "ஆனா மிளகாய் இருக்குதே. செஞ்சவன் யாருன்னு தெரியாதவங்க 'எவனோ அவன்'னுதான் அரைப்பாங்க. ஆளை அம்மன் பாத்துக்குவான்னு விட்டுருவாங்க. அம்மணியும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அந்த வார்த்தை காதுல விழுந்ததும் ஒருத்தர் பதறிப்போய்க் கையைப் பிடிச்சாரு. டேப்லெட்டை அப்ப இன்னும் யாருமே திறந்து பாக்கலை. வெறும் சந்தேகத்துக்கு எதுக்குப் பேரு? எவனோ அவன்னு விட்டா யாருக்கு எரியும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. ஒயரோடயே மல்லுக்கட்டற எலக்ட்ரீசியனுக்கு மிளகாய் தொட்டா கை எரியுமாம்."

சபரீஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நல்ல நேரம் முடியப்போகுது, ஒரு சுத்து ஓட்டி நிறுத்துடான்னு முதலாளி சத்தம் போட்டாருங்க. வருஷா வருஷம் ஓட்டறதுதான். எல்லாரும் முத்தத்துல இருக்காங்கன்னு நினைச்சு ஓட்டிப்போட்டேன். மாமா திரும்பவும் இறங்கினது தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

திருமலைசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். ஓட்டச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. அந்த மனிதர் அன்று வாயைத் திறந்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

புவனா எழுந்தாள். முதலில் கிருபாசங்கர் முன்னால் போய் நின்றாள். அறைந்த கையை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இது வேறு கணக்கு.

"உங்க சம்பந்தி ஊட்டு வாசல்ல நின்னு கேட்டதை, அதே வாசல்ல நின்னு இல்லைன்னு சொல்றேனுங்க. அவங்க கேக்கறாங்களோ இல்லையோ, சொல்றேன்."

"அக்ஷயா மூணு வாரமா ரூமை விட்டு வெளியே வரலைங்க" என்றார் கிருபாசங்கர். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் தம்பியிடம் வந்தாள். அவன் அவள் காலைப் பிடித்தான்.

"உன்னை இழந்துருவேன்னு பயந்துபோய்ப் பண்ணிப்போட்டேன்க்கா. சொல்லியிருந்தா என்ற மூஞ்சியிலயே முழிச்சிருக்கமாட்டே."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போம்" என்றாள் புவனா. "கை தவறினதுக்கு உன்ன நான் ஒண்ணும் பண்ணியிருக்கமாட்டேன். ஆனா நீ என்ற துக்கத்தைக் கத்தியாட்டம் தீட்டி, அடுத்தவன் ஊட்டுல குத்தறதுக்கு என்ற கையிலயே குடுத்தே. ஒரு பொண்ணு வாழ்க்கையை நான் கெடுத்தேன்டா. கெடுத்துட்டு நிம்மதியாத் தூங்கினேன்."

நரசிம்மலு மெதுவாக எழுந்தார். "ஸ்டேஷனுக்குப் போன் போடட்டுமா அம்மணி?"

"போடுங்க. சாயங்காலம் நானே கூட்டிட்டு வந்து விடறேன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஆனைமலைக்குப் போகோணும். தப்பான பேருக்குப் பூசினதை நான் கழுவோணும், எரிச்சல் அடங்க எண்ணெய்க் காப்புப் போடோணும்."

அவள் குனிந்து தம்பியின் கைகளைக் காலிலிருந்து விலக்கினாள். வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"அப்புறம் நீ அரைக்கோணும் கண்ணு. மிளகாய் நான் வாங்கித் தாரேன். பேர் சொல்ல வேண்டாம். எவனோ அவன்னு சொல்லி அரை."

சபரீஷ் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். புவனா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போய், வாசலில் அவனுக்காகக் காத்து நின்றாள்.