உள்ளே இழுத்த நாற்பது

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். சத்தியம் பண்ணியாயிற்று. இனி நடந்ததற்குப் போகலாம்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு, காகிதம் ஆடவில்லை.

ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. செத்தவர்கள் எழுந்து நடக்கிற கதை. அதிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் பிறந்தது. தொடருக்கு ஒரு தம்பி பிறந்தான், தம்பிக்கு ஒரு மச்சான் வாய்த்தான், இப்போது மச்சானுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறையில் மூன்றாவது கிளைத்தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. கதாநாயகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜாம்பிகளின் உறுமல் மட்டும் பதினொரு வருடமாக அதேதான். உறுமியவர்கள் இருவர்: நம் கதைக்காரரும் அவர் கூட்டாளியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் நம் கதைக்காரருக்கு உறுமல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

செத்தவன் மூச்சை வெளியே விடமாட்டான் என்பது கூட்டாளி கண்டுபிடித்த சூத்திரம். அதனால் மூச்சை உள்ளே இழுத்தபடியே, அடித்தொண்டையில் சரளைக்கல் உருள்வதுபோல் உறும வேண்டும். ஒரு கூட்டத்துக்கு நாற்பது உறுமல். தனித்தனியாகப் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சுடுகாடே எழுந்து வருவதுபோல் இருக்கும். ஆனால் ஒவ்வொரு உறுமலுக்குப் பிறகும் நீளமாக ஒரு தடவை ஊதியாக வேண்டும். அதற்கென்றே மைக்குக்கு முன்னால் நூலில் ஒரு மெல்லிய காகிதத் துண்டு தொங்கும். உறுமினால் முகத்தை நோக்கி வரும். ஊதினால் அந்தப் பக்கம் போகும்.

“வந்தது போயிடணும்டா. உள்ளயே வச்சுக்கிட்டா குடியேறிடும்,” என்பார் கூட்டாளி.

இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர் போய்ச் சேர்ந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது. இழுத்த மூச்சை வெளியே தள்ள முடியாத வியாதி. உறுமல்காரர் கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: “ஒரே ஒரு மூச்சு... நிம்மதியா... வெளிய விட்டா போதும்டா.” விடாமலேயே போனார்.

காகிதம் ஆடாத அந்த நாள், உறுமல்காரரின் மகளுக்கு ஏழு வயது முடிந்த நாள். மதியமே மனைவி போனில் பிடித்துவிட்டாள்.

“பம்பு வாங்கட்டுமான்னு கேட்டேன். வேணாமாம். அப்பா வாயால ஊதினாத்தான் அது பலூனாம். அம்பது இருக்கு. ஆறு மணிக்கு வந்து சேருங்க, இல்லேன்னா உங்க பொண்ணு உங்களையே கட்டித் தொங்கவிட்டுடுவா.”

“அஞ்சரைக்கே வந்துடறேன்.”

அந்த அவசரத்தில்தான், ஒலிப்பதிவு செய்யும் பெண்ணிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னார்: “இன்னிக்கு ஊதறதையெல்லாம் கடைசில மொத்தமா வச்சுக்கலாம்மா.”

“சரி சார். ஆனா நீங்க போற வேகத்துக்குப் பிணமெல்லாம் பஸ்ஸப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு. கொஞ்சம் நிதானமா சாவுங்க.”

பதினொரு வருடத்தில் முதல்முறையாக, நடுவில் ஒருமுறைகூட ஊதாமல் நாற்பதையும் இழுத்து முடித்தார். பிறகு ஊதினார்.

காகிதம் ஆடவில்லை.

அந்தச் சின்ன அறையில் எந்நேரமும் இருட்டுதான். சுவரெல்லாம் கறுத்த பஞ்சு, அதற்குள் பதினொரு வருடத்து வியர்வையும், பழைய கம்பளத்தின் ஈர வாடையும், கூட்டாளி சப்பிக்கொண்டிருந்த இருமல் மிட்டாயின் மணமும் ஊறிக் கிடந்தன. அந்த மணம் இன்றைக்குக் கொஞ்சம் புதிதாக, யாரோ இப்போதுதான் தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டதுபோல் இருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். கன்னம் புடைக்க மறுபடி ஊதினார். காகிதம் அசைந்தது. அவர் முகத்தை நோக்கி, ஒரு நெல் அளவு.

காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. “சூப்பர் சார். ஊதினது அருமையா பதிவாயிருக்கு.”

இல்லை என்று கையை ஆட்டினார்.

“அட, கேளுங்க சார். நாப்பது உறுமலையும் சத்தம் வராம அடைச்சிடறேன்.”

அவள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தாள். கூட்டம் இளைத்தது. இருபது பிணம். பத்து. இரண்டு. ஒன்று. பிறகு எதுவும் இருக்கக் கூடாது.

இருந்தது.

தூரத்தில், ஒரு நீண்ட அறையின் மறுகோடியில் இருப்பதுபோல், யாரோ மூச்சு விடும் சத்தம். நீளமாக. ஆசைதீர. முடிந்ததும் இன்னொன்று. அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாற்பது. அதன்பின் இரண்டு இருமல். ஒரு செருமல். பதினொரு வருடம் பக்கத்திலேயே நின்று கேட்ட செருமல்.

“அப்பாடா,” என்றது குரல்.

“நீங்கதான சார் அது?” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

‘நான் இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. சொல்லுக்கும் வெளிமூச்சு வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கும்பிடு மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே குளிர். எல்லார் பக்கத்துக் கண்ணாடியும் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. அவர் மூக்கை வைத்து அழுத்தினார். கண்ணாடி துல்லியமாக இருந்தது. வழியெல்லாம் இழுத்துக்கொண்டே வந்தார். நெஞ்சு நிறையவே இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல். எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

மனைவிதான் கதவைத் திறந்தாள். “வந்தாச்சா? மெழுகுவத்திகூட ஏத்திட்டேன். குளிருதேன்னு ஜன்னலெல்லாம் சாத்தி வச்சிருக்கேன். அவ தொல்லை தாங்காம நானே பத்து பலூன் ஊதிட்டேன்.”

மகள் ஓடி வந்தாள். கையில் ஊதாத பலூன்.

“சிவப்பு முதல்ல!”

வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து ஊதினார்.

பலூன் பல்லிடுக்குக்குள் போய் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“அப்பா, விளையாடாதீங்க. ஊதுங்க!”

“என்னங்க மூஞ்சி வெளுத்திருக்கு? வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்,” என்றாள் மனைவி.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ. திறந்தார். சரளைக்கல் உருண்டது.

மகள் கைதட்டினாள். “ஐ, அப்பா ஜாம்பி! இன்னொரு தடவ!”

கிட்டே வந்தாள்.

தரையில் கிடந்த பத்து பலூனும் மெல்ல உருண்டு அவர் காலடிக்கு வந்தன. ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. மூச்சு உள்ளே போவதை நிறுத்த வாயைக் கையால் பொத்தினார். நிற்கவில்லை. மூக்கையும். நிற்கவில்லை. மேசைமேல் ஏழு சுடர்களும் சாய்ந்தன. அவர் பக்கம். படுத்தேவிட்டன. மகளின் நெற்றி மயிர் எழுந்து அவர் முகத்தை நோக்கி நீண்டது. சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தபடி. சிரிப்புச் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

எங்கிருந்தோ இருமல் மிட்டாய் மணம்.

அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிளைத்தொடர் பிறகு வெளியாயிற்று. மூத்த தொடரையும் சேர்த்து ஒரு பாகம் விடாமல் பார்த்தாயிற்று. படக்கதையில் உள்ளபடியே, அவற்றில் வரும் பிணங்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சத்தமும் போடுவதில்லை. சத்தியம் பண்ணிய நாக்கைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.