பேட்டரியை இறக்கியது யார்?

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். நடத்துனர் சீருடையோடும் தோளில் டிக்கெட் பையோடும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். ஓடும் பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி பழகிய குரல். சர்வேயரின் அறையோ ஹெல்மெட் கடைக்கு மேலே ஒரு மேசையும் மின்விசிறியும் மட்டும் கொள்ளும் அளவு. கீழே வாங்க வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள்.

"என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்ல சார். சாரம் கட்டி ஏறி எத்தனை மாடிக்கு பெயின்ட் அடிச்சவன்! இப்ப சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கான். கால் போனதுக்குக்கூட அழல. 'என் புத்தியாலதான் போச்சுக்கா'ன்னு சொல்றான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

விபத்து வண்டிகளைச் சோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவர் சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கூட இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. எதிலும் முந்திக்கொள்வதால் வீட்டில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் சர்வேயர்.

நடந்தது இதுதான். மூன்று நண்பர்கள் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் மலைமேல் கூடாரம் போடப் போனார்கள். தம்பி அப்போதுதான் வாங்கியிருந்த வண்டியில் பின்னால் வீடியோக்காரன். இன்னொரு வண்டியில் மருந்துக்கடைக்காரர். போய்ச் சேர்ந்ததுமே மருந்துக்கடைக்காரரின் டயரைக் கூரான கல் ஒன்று கிழித்துவிட்டது. தம்பியின் பேட்டரியில் சின்ன பம்ப்பை மாட்டிக் காற்றடித்தார்கள், நிற்கவில்லை. ஆக, ஓடக்கூடிய வண்டி ஒன்றுதான்.

மறுநாள் காலை தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்கிய தம்பியின் காலில் பாறை ஒன்று புரண்டு விழுந்தது. அங்கே போன் எடுக்காது. யாராவது வண்டியில் இறங்கி ஆள் கூட்டிவர வேண்டும். வண்டி கிளம்பவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. தள்ளிப் பார்த்தும் பயனில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே பேட்டரியின் தயவில்தான். மருந்துக்கடைக்காரர் நடந்தே இறங்கி உதவி கொண்டுவருவதற்குள் காலில் இரத்த ஓட்டம் நின்றுவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார் சார். அந்த வீடியோக்காரன் ஆஸ்பத்திரி வாசல்லயே என்கிட்ட சொல்றான்: 'ராத்திரி பூரா மொபைலை வண்டியில சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிட்டான்க்கா, பேட்டரி போயிடுச்சு'ன்னு. சொன்னதோட விட்டானா? வீடியோவே போட்டுட்டான். ஊரே என் தம்பியை முட்டாள்னு சொல்லிட்டிருக்கு!"

"தம்பி என்ன சொல்றான்?"

"மொபைலை மாட்டினது ஞாபகம் இருக்காம், கழட்டினது ஞாபகம் இல்லையாம். கூட இருந்தவன் பொய் சொல்வானான்னு நம்பிட்டான்."

அன்று மாலையே சர்வேயரும் அவசரமும் அவளோடு போய், அவள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தார்கள். பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றியிருந்தார்கள். ஹேண்டிலில் இருந்த சார்ஜ் பாயின்ட்டில் அவசரம் தன் மொபைலைச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ரிப்பேர் போலிருக்கு அத்தான்."

"சாவியைப் போட்டுத் திருப்புங்க, மாப்ளே."

திருப்பினார். மொபைல் சார்ஜ் ஏறத் தொடங்கியது. சர்வேயர் சாவியை உருவினார். நின்றுவிட்டது.

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வெளியே தொங்கியது. நேரே பேட்டரியிலிருந்து வருவது. பம்ப் மாட்டுவதற்காகப் போட்டது. அதன் முனையை மூட வேண்டிய ரப்பர் மூடி திறந்து கிடந்தது. சர்வேயர் அதை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பம்ப்தான் பேட்டரியைக் குடிச்சிருக்கு! மருந்துக்கடைக்காரர்தான் ஆளு!" என்று துள்ளினார் அவசரம்.

"தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார் சர்வேயர்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டைகளை அடுக்கியபடியே பதில் சொன்னார். நிமிர்ந்து பார்க்கவேயில்லை. பம்ப் ஓட்டி முடித்ததும் தம்பி மூடியைப் போட்டு ஒயரைச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டானாம். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினானாம்.

"ஒரே அழுத்துல கிளம்புச்சு. காலையில சாவியை அவன் பாக்கெட்லேர்ந்துதான் எடுத்தோம், திருப்பினா ஒரு விளக்குகூட எரியல. அந்த ஒயர் மறுபடி வெளியே தொங்கிட்டிருந்துச்சு. ராத்திரி நான் சரியா தூங்கவே இல்ல சார். மரத்தடியில ஏதோ வண்டு விடாம இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

அவசரம் அந்த வீடியோவை அதற்குள் மூன்று முறை பார்த்துவிட்டார். சர்வேயர் ஒருமுறைதான் பார்த்தார். நடுவில் ஓர் இடத்தில் வீடியோக்காரன் முதல் நாள் மாலை மங்கலில் மலைமேல் நின்று, "மக்களே, ட்ரோன் பேட்டரி எல்லாமே காலி, பவர் பேங்க்கும் காலி, மேகம் மூடினதுல சோலார் தட்டும் கைவிட்டுடுச்சு" என்று உதட்டைப் பிதுக்குகிறான். கடைசியில் மேகத்துக்கு மேலே எழும் சூரியன். அதன்மேல் அவன் குரல், தம்பியின் அசட்டைத்தனத்தைப் பற்றி உபதேசம்.

"ஆள் எப்படியோ, அந்தச் சூரியன் மட்டும் அற்புதம் அத்தான்" என்றார் அவசரம்.

"அற்புதம்தான்" என்றார் சர்வேயர்.

வீடியோக்காரனைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல முடியுமா என்று பார்த்தால், அவன் அறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு சுவர் முழுக்க ட்ரோன், கேமரா, மைக், லேப்டாப் என்று சார்ஜ் போட்டு வைத்திருந்தான். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு. அங்கே ஒருவன் காலை இழந்த கதையைப் போட்டு வீடியோவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவன், கதைக்கு உரியவனின் அக்காவைப் பார்த்து, "வாங்கக்கா, தம்பி எப்படியிருக்கான்?" என்று சிரித்தான். கூடவே வந்திருந்த மருந்துக்கடைக்காரர் கதவோரம் நின்றுகொண்டார்.

சர்வேயர் மட்டும் உட்கார்ந்தார். "தம்பி மொபைல் சார்ஜ்ல இருந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"என் கண்ணால பார்த்தேன் சார். விடிய விடிய ஏறிட்டிருந்துச்சு."

"ஏறியிருக்காது. சாவி போட்டாத்தான் அந்தப் பாயின்ட்டுக்குக் கரன்ட் வரும். சாவி அவன் பாக்கெட்ல இருந்துச்சு. அப்படியே ஏறியிருந்தாலும் ஒரு மொபைலுக்கு எவ்வளவு வேணும்? ஒரு சொம்பு தண்ணி மொண்டா அண்டா காலியாகுமா?"

வீடியோக்காரனின் சிரிப்பு சுருங்கியது. "அப்ப பம்ப்பா இருக்கும்."

"பம்ப்புக்கு அப்புறம் வண்டி ஒரே அழுத்துல கிளம்பியிருக்கு. ஒயரை மூடி உள்ளே செருகினதும் தம்பிதான். காலையில அது வெளியே தொங்குது. நடுவுல யாரோ அதுல எதையோ மாட்டியிருக்காங்க. மொபைல் இல்ல, பெரிய தாகம் உள்ள சாமான்." சர்வேயர் குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலம் எல்லா பேட்டரியும் காலின்னு நீங்களே சொல்றீங்க. விடிஞ்சதும் உங்க ட்ரோன் மேகத்துக்கு மேலே நிக்குது. கரன்ட் ஏது?"

"அந்த ஒரு காட்சியை வெட்டியிருந்தா எனக்கு வழியே இருந்திருக்காது. உங்க தொழில்ல நல்ல ஷாட்டைத் தூக்கிப்போட மனசு வராது. பொய்யோட சேர்த்தே ஒட்டிட்டீங்க."

அவர் சுவரோரம் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் காட்டினார். வண்டி பேட்டரியில் மாட்டினால் வீட்டு பிளக் போலக் கரன்ட் தரும் இன்வெர்ட்டர். அவசரம் அதை மேசைமேல் இருந்த ஒரு பெரிய பேட்டரியில் மாட்டி, ட்ரோன் சார்ஜரை அதில் செருகிச் சுவிட்சைத் தட்டினார். உள்ளிருந்த குட்டி விசிறி சுழன்று விடாமல் இரைந்தது.

மருந்துக்கடைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். "இதே சத்தம்தான். இதைத்தான் வண்டுன்னு நினைச்சேன். அடப்பாவி!"

"தெரியாம பண்ணிட்டேன்!" என்று கத்தினான் வீடியோக்காரன். "காலையில ஒரு ஷாட்டுக்காக நாலு பேட்டரி போட்டேன். இவ்வளவு இறங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் விழுவான்னு கனவா கண்டேன்?"

"பேட்டரி இறங்கினது தப்பு. தெரியாம நடக்கும்" என்றார் சர்வேயர். "படுத்த படுக்கையா கிடக்கிறவன் தலையில அதைக் கட்டினீங்களே, அது தெரியாம நடக்கல."

அந்தப் பெண் இப்போதுதான் வாய் திறந்தாள். பேருந்துக் குரல் இல்லை. அடித்தொண்டையில் இருந்து வந்தது.

"கால் போனதுக்குக்கூட அவன் உன்னை மன்னிச்சிருப்பான்டா. 'நான்தான் மச்சான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். தினமும் சுவத்தைப் பார்த்து அவன் தன்னையே கரிச்சுக் கொட்டிக்கிறான். நீ இங்கே அதைக் காட்டி ஆள் பிடிக்கிற. சோறு எப்படிடா இறங்குது உனக்கு?"

"வீடியோவை இப்பவே எடுத்துடறேன்க்கா."

"எடுத்தா? பார்த்தவன் மனசுலேர்ந்து எடுத்துடுவியா?" அவள் தன் மொபைலில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. தூங்கி எழுந்த குரலில், "என்னக்கா?" என்றான் தம்பி.

"சுவத்தைப் பார்த்தது போதும்டா, இந்தப் பக்கம் திரும்பு. ஒருத்தன் பேசப் போறான், கேளு." அவள் சுவரிலிருந்து கேமராவைப் பிடுங்கி வீடியோக்காரனின் முகத்துக்கு நேரே வைத்தாள். "உன் பொய்யைக் கேட்ட அதே ஜனம் உண்மையையும் கேக்கட்டும். உட்காரு."

"இப்பவாக்கா? நான் கொஞ்சம் தயாராகி..."

அவள் சுவரில் எரிந்த பச்சை விளக்குகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"எல்லாத்துலயும் சார்ஜ் ஃபுல்லாத்தானே இருக்கு? ஆரம்பி."