காலக்கணியின் பிழை

திரையில் 61 என்று வந்தது. ஜெசிந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். 61தான்.

"அறுபத்தொரு வருசமா! உன் பேரன் பேத்தி வந்துதான் முடிச்சு வைக்கணும்" என்றார் பயன்பாட்டுக் கணிதத் துறைத் தலைவர் இருதயராஜ். பதிவுக் குழுவின் மற்ற இருவரும் சிரித்தார்கள்.

ஒரு கணக்கைக் கொடுத்தால், அதைத் தீர்க்க எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று காலக்கணி சொல்லிவிடும். மூன்றுக்கு மேல் போனால் ஆய்வுக்குப் பதிவு கிடையாது. இந்த விதி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு துறையில் எந்த ஆய்வும் தோற்றதில்லை.

பகலில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடிவரும் ஜெசிந்தாவுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. இன்று பதிவாகாவிட்டால் இடம் போய்விடும். அவள் எடுத்திருந்த தலைப்பு, காலக்கணியிலேயே உள்ள பிழை.

"சார், இதுக்கு அறுபத்தொரு வருசம் ஆகாது. நான் முடிச்சுட்டேன். உங்க கையில இருக்கிற நாலு பக்கம்தான்."

ஏழு முறை சரிபார்த்திருந்தாள். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும், மூன்றாம் பக்கத்தில் எங்கோ சறுக்கியிருப்போமோ என்று தோன்றியது.

"சுருக்கமாச் சொல்லும்மா" என்றார் இருதயராஜ்.

"ஒரு கணக்குல எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னு பார்த்துத்தான் இது வருசத்தைச் சொல்லுது. நாம நிராகரிச்சா ஆள் குறையுது. ஆள் குறைஞ்சா வருசம் ஏறுது. ஏறிடுச்சேன்னு மறுபடி நிராகரிக்கிறோம். கணக்கு கஷ்டமில்ல சார், ஆள்தான் இல்ல."

இருதயராஜ் படித்தார். பேனா இரண்டு இடத்தில் நின்று, பிறகு நகர்ந்தது.

"தப்பு ஒண்ணும் தெரியலையே" என்றார் மெல்ல.

"அப்போ பதிவு பண்ணிடலாமா சார்?"

"அதெப்படிம்மா? எனக்குத் தெரியலைங்கறதும், தப்பே இல்லைங்கறதும் ஒண்ணா? அறுபத்தொரு வருச வேலையை அரை மணி நேரத்துல படிச்சுட்டு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

மற்ற இருவரையும் பார்த்தார். தலையாட்டினார்கள். நிராகரிப்புப் பொத்தானை அழுத்தினார். அந்தக் கணக்கில் இருந்த ஒரே ஆளான ஜெசிந்தாவின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது.

திரையில் 61 மறைந்து 90 வந்தது.

"பாத்தியாம்மா" என்றார் இருதயராஜ், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "நல்லவேளை, குடுக்கல."