இரண்டு விரல் கூடுதல்

இடது கை மட்டும் நீளமாக இருந்தது. ரொம்ப இல்லை, இரண்டு விரல் அகலம். சாயங்காலம் இருபத்திரண்டரை அங்குலத்துக்கு மடித்துத் தைத்துவிட்டுப் போவேன். காலையில் அளந்தால் இருபத்திநாலு.

துணி நீள்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நெடுக்கு இழையை ஒட்டி வெட்டினால் அடங்கி நிற்கும். சாய்த்து வெட்டினால் தன் எடையிலேயே இறங்கும். கம்பளி என்றால் கேட்கவே வேண்டாம். என் தையல் அறைக்குக் கீழே சலவைக்கடை. நாள் முழுக்கப் பலகை இடுக்கு வழியாக நீராவி ஏறும். அதனால் முதல் நாள் கூடுதலை வெட்டித் தட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டாம் நாள், மாட்டி வைக்காமல் மேசையில் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் அளவு நாடாவையே மாற்றினேன்.

ஐந்தாம் நாள் காலை, வெட்டிய துண்டுகளைத் தட்டிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். நான்கு துண்டு, மொத்தம் ஆறு அங்குலம். கையின் நீளம் அப்போதும் இருபத்திநாலு.

இழுபடும் துணி மெலியும். இது மெலியவே இல்லை.

கோட்டு விளையாட்டுக்கானது. எங்கள் குழு வருடத்துக்கு ஒரு தடவை, ஆளில்லாத பழைய கட்டடம் ஒன்றைப் பிடித்து, இரண்டு நாள் ஒரு கதைக்குள் வாழும். மேடை கிடையாது, பார்க்க ஆள் கிடையாது, மனப்பாட வசனம் கிடையாது. உடுப்பைப் போட்டால் அந்த ஆள், கழற்றினால் நீங்கள். ஆக, உடுப்புதான் எல்லாம். ஒன்பது வருடமாக எல்லோருக்கும் தைப்பவள் நான். வேடம் என்று எனக்குக் கிடைத்தது கூட்டத்தில் நாலாவது ஆள், ஒரு பிணம், இன்னொரு பிணம்.

இந்த வருடம் கேப்டன் ஒரு துணி மூட்டையோடு மாடியேறி வந்தாள். கதையை எழுதி நடத்துகிறவள், என் நெருங்கிய தோழி. அவளுக்குப் பட்டப்பெயர் கேப்டன், எனக்கு ஊசி.

“இந்தத் தடவ காவல் தலைவி நீதான்டி, ஊசி. பழைய கோட்டு ஒண்ணப் பிரிச்சுக் கொண்டாந்திருக்கேன். உன் அளவுக்குச் சேத்துத் தச்சுக்கோ.”

“எனக்கா? ஏதாவது பிணம் காலியா இருக்குமே.”

“வாய மூடிட்டு தை.”

அன்றைக்குக் கீழே சலவைக்கடைக்காரரிடம்கூடப் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கடைக்காரர் இயந்திரங்களை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். கட்டடமே அமைதியாக இருந்தது. கோட்டைத் தையல் பொம்மையில் மாட்டினேன். உள்துணியும் மேல்துணியும் ஒன்றையொன்று இழுக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தோள் பக்கத்துத் திறப்பில் கையை விட்டு, முனைவரை தடவிக்கொண்டே போக வேண்டும்.

விட்டேன்.

முழங்கைவரை வெறும் துணி. அதற்குக் கீழே சூடு. யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல. வேர்வையும் துருவும் கலந்த ஒரு வாசனை மேலே வந்தது.

முனைக்கு இன்னும் நாலு விரல் தூரம் இருந்தது.

அங்கே விரல்கள் இருந்தன.

அவை என் விரல்களைத் தேடிப் பிடித்தன. பிடித்துக் கீழே இழுத்தன. உதறவில்லை, ஆட்டவில்லை. ஒரு முழு ஆளின் எடை, அப்படியே தொங்கியது.

கையை உருவிக்கொண்டு சன்னலோரம் போய் நின்றேன். கோட்டின் கை காலியாக, நுனியில் எடைக்கல் கட்டிவிட்டதுபோல நேராகத் தொங்கியது.

எங்கள் குழுவில் ‘அட்டை’ என்று கூப்பிடுகிறவன் வந்தபோதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அட்டையிலும் ஸ்பாஞ்சுப் பலகையிலும் கவசம் செய்கிறவன் அவன். என் வேடத்துக்குத் தோள்கவசம் கொண்டுவந்திருந்தான்.

“என்ன ஊசி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

நான் கோட்டைக் காட்டினேன். கிட்டே போய்க் காலரைத் திருப்பிப் பார்த்தவன் கவசத்தைத் தரையில் வைத்துவிட்டான்.

“இந்தக் கருகல் நான் வெச்சது. பசைத் துப்பாக்கி பட்டுடுச்சு. இது நெட்டையோட கோட்டு.”

நெட்டை எங்கள் குழுவில் இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால், விளையாட்டின்போது மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்துபோனாள். அந்தத் தடவை நான் காய்ச்சலில் போகவில்லை, உடுப்புகளும் நான் தைத்தவை இல்லை.

“தடுப்புக்கம்பி துருப்பிடிச்சு உடைஞ்சிடுச்சு,” என்றான் அட்டை மெதுவாக. “கேப்டன் எட்டி நெட்டையோட இடது கையப் பிடிச்சுட்டா. நாங்க ஏணி தேடி ஓடினோம். ரொம்ப நேரம் தொங்கினா. கடைசியா முகம் பாக்கப் போனப்ப, அந்தக் கை மட்டும் நீண்டுபோயிருந்தது.”

“எவ்வளவு?”

அவன் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

அவன் போனதும் கேப்டனுக்குப் போன் செய்தேன்.

“இது நெட்டையோட கோட்டு,” என்றேன்.

அவள் எங்கோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“மூணு வருஷமா என் இடது கையப் பிடிச்சிட்டுத் தொங்குறாடி. சாப்பிடும்போது, குளிக்கும்போது, எப்பவும்.” அவள் குரல் தணிந்தது. “நீ கோட்டத் தைக்க ஆரம்பிச்ச அன்னிலேருந்து என் கை சும்மா இருக்கு. அவ அதுக்குள்ள போயிட்டா. யாராவது போட்டுக்கிட்டா, அவங்களோடயே இருந்துடுவா.”

“யாராவதுன்னா நானா?”

“தோள் சரியா உக்காருதா?” என்று மட்டும் கேட்டாள்.

“கை நழுவிச்சா, நீ விட்டியா?”

“வலிச்சுதுடி,” என்றாள். பிறகு, அடுத்த சேதிபோல, “சனிக்கிழமை என் வேஷத்துக்கான அங்கிய வந்து வாங்கிக்கறேன். தச்சு முடிச்சுட்டேல்ல?”

முடித்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்காகத் தேடிக் கண்டுபிடித்த வேடம் என்று நினைத்திருந்தேன். அவள் தேடியது ஒரு கை. ஒன்பது வருடம் அவளுக்கு உழைத்த கை தோதாக இருந்திருக்கிறது.

அழுது முடித்ததும் பெட்டியிலிருந்து அங்கியை எடுத்தேன். தொளதொளவென்று அகலமான கைகள். இப்படிப்பட்ட கைக்குள் இன்னொரு கையை மறைப்பது சுலபம்: தோள் மடிப்பில் மட்டும் பிடித்துத் தைத்தால் போதும், வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது.

கோட்டின் இடது கையைப் பிரிக்கத் தொடங்கினேன். நூல் அறவில்லை. உள்ளே பிடி இறுகியது.

“இரு,” என்றேன் அதனிடம். “அவகிட்டதான் அனுப்பறேன்.”

நூல் தளர்ந்தது.

சனிக்கிழமை காலை இரண்டு உடுப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினேன். மின்விசிறிக் காற்றில் அங்கி முழுதும் ஆடியது, இடது கையைத் தவிர. கீழே படிக்கட்டில் கேப்டனின் செருப்புச் சத்தம் கேட்டது. அளவு நாடாவை எடுத்தேன். பழைய கையைப் பிரித்து அவளுடைய அங்கிக்குள் வைத்துத் தைத்துவிட்டு, என் கோட்டுக்கு வேறு துணியில் புதுக் கை வைத்ததும் கோளாறு தீர்ந்துவிட்டது. வலது இருபத்திரண்டரை, இடது இருபத்திரண்டரை.