நெஞ்சு ஏன் அடித்தது?

"போகாத எண்டு அவளுக்குச் சொன்னனேடா! இப்பிடி நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்!"

கேதீஸ்வரி, ரதீஸின் ஈரச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

பழுகாமம் வாவிக்கரை. கோயிலுக்குப் புறப்பட்ட தோணி நடுவாவியில் கவிழ்ந்திருந்தது. அவளுடைய தங்கை அஜந்தாவைக் காணவில்லை. தங்கையின் கணவன் ரதீஸ் மட்டும் நீந்தி வந்திருந்தான்... அழுதுகொண்டே!

சப் இன்ஸ்பெக்டர் பிறின்ஸ் இருவரையும் பிரித்தார்.

"முன்னமே தெரியுமா? எப்பிடி?"

"மனம் சொல்லிச்சு சேர்! நேற்று இவங்கட வீட்ட வந்திட்டு வெல்லாவெளிக்கு பஸ் ஏறினன். நெஞ்சு படபடவெண்டு அடிச்சிச்சு. 'புள்ள, இவனோட தோணியில போகாத' எண்டு போனில கோல் எடுத்துச் சொன்னன். 'அவர் திருந்திட்டார் அக்கா' எண்டு சிரிச்சாள்..."

"மனம் சொன்னது கோட்டில எடுபடாது!" பிறின்ஸ் எரிந்து விழுந்தார். "மனம் சும்மா சொல்லாது. கண் என்னத்தையோ கண்டிருக்கும். வீட்டில என்ன கண்டீங்க?"

"என்னத்தக் கண்டன்! தேத்தண்ணி குடிச்சன். போன மாசம் அவள்ட கையை முறிச்சவன், நேற்று 'தங்கம்' எண்டு கூப்பிட்டான். குசினிக்குப் போனன். அடுப்படியில..."

நிறுத்தினாள். கண்கள் விரிந்தன.

"மஞ்சள் கான்!"

"என்ன கான்?"

"வெறும் பிளாஸ்டிக் கான் சேர்! எப்பவும் தோணியிலதான் கட்டிக் கிடக்கும். அவளுக்கு நீச்சல் தெரியாது. கவிண்டா பிடிச்சு மிதக்க! அது குசினியில... மண்ணெண்ணெய் நிரப்பி!"

கண்டது கண். கணக்குப் போட்டது மனம். அவளுக்குச் சொன்னது நெஞ்சு மட்டும்தான்!

பிறின்ஸ் திரும்பினார். "கானை அவிழ்த்தது ஆரு?"

ரதீஸ் ஓரடி பின்வாங்கினான். "அ... அவள்தான் சேர்!"

"கட்டுப் போட்ட கையாலயாடா?"

பளார்! கேதீஸ்வரியின் அறை அவன் கன்னத்தில் இறங்கியது. பிறின்ஸ் தடுக்கவில்லை.

அவர் போன் அலறியது. காதில் வைத்தார். முகம் மாறியது!

"மீன்பிடிக்கப் போன முகைதீன்பாவா கதைச்சார். இறால் பிடிக்க வாவியில நட்ட கட்டுக் கம்பு ஒண்டை அஜந்தா ஒற்றைக் கையால பிடிச்சுக்கொண்டு கிடந்தவவாம். உயிரோட இருக்கா! 'புருசன்தான் தள்ளினவர்' எண்டும் சொல்லிட்டா!"

கேதீஸ்வரி மணலில் விழுந்து கதறினாள்.

ரதீஸும் விழுந்தான்... மயங்கி!

பிறின்ஸ் வாவித் தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் அடித்தார்.

"மனுசி உயிரோட இருக்கா எண்டு கேட்டு மயங்கி விழுந்த முதல் புருசன் நீதான்டா! எழும்பு!"